எந்த வரலாற்று பாட்காஸ்டை முதலில் கேட்பது?

அப்பா முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவர். சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டு, போன ஆடி மாதத்துக்குப் பிறகு அவரால் புத்தகம் படிக்க முடியவில்லை. பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு செய்தித்தாளின் தலைப்பு வரை படிப்பார். அதற்குக் கீழே எழுத்து கலைந்துவிடும். ஒருநாள் ராத்திரி, "வரலாறு ஏதாவது காதால கேக்குற மாதிரி இருந்தா போட்டுக் குடும்மா" என்றார்.

அப்படித்தான் இந்தத் தேடல் ஆரம்பித்தது. நான் தினமும் தாம்பரத்திலிருந்து கோட்டை வரை மின்சார ரயிலில் போய் வருகிறேன். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் நான் முதலில் கேட்டுப் பார்ப்பேன். தேறியதை ராத்திரி அப்பாவுக்குப் போட்டுக் கொடுப்பேன். எட்டு மாதத்தில் இருபதுக்கும் மேல் கேட்டுப் பார்த்தோம். மற்றவர்களுக்குச் சொல்லலாம் என்று தோன்றியவை ஏழெட்டுதான். இதே தேடலில் இருப்பவர்களுக்கு நேரம் மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

அப்பாவுக்கு எதைப் போட்டாலும் ஒரு கேள்வி வரும்: "இது இவருக்கு எப்படித் தெரியும்?" கல்வெட்டா, காசா, வழிப்போக்கன் எழுதிய குறிப்பா, தோற்றவனைப் பற்றி ஜெயித்தவன் எழுதியதா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். வகுப்பிலும் பிள்ளைகளை இப்படித்தான் கேட்பாராம். ஆரம்பத்தில் எனக்கு இது தொந்தரவாக இருந்தது. கதை விறுவிறுவென்று போகும்போது நிறுத்தச் சொல்வார். இரண்டு மாதம் போனதும் ரயிலில் தனியாகக் கேட்கும்போது எனக்கே அந்தக் கேள்வி வர ஆரம்பித்தது. குரல், வேகம், நீளம், விளம்பரத் தொல்லை இவையெல்லாம் முக்கியம்தான். ஆனாலும் சொல்லும் ஆள் தன் ஆதாரத்தைக் காட்டுகிறாரா என்பதைத்தான் இப்போது முதலில் கவனிக்கிறேன்.

இன்னொன்றையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே வருபவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பவை. ஆங்கிலம் நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்களுக்குக்கூடக் காதால் கேட்கும்போது திணறும். அப்பா, சோழர் வரலாறு எழுதிய நீலகண்ட சாஸ்திரியை ஆங்கிலத்திலேயே படித்தவர். ஆனால் இரண்டு ஆங்கிலேயர்கள் மாற்றி மாற்றிப் பேசினால் பாதிதான் பிடிபடும் என்பார். அதனால் எதை முதலில் கேட்பது என்பதில் பேச்சின் தெளிவுக்கும் பெரிய பங்கு உண்டு. தமிழில் என்ன கிடைக்கிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது.

முதலில் கேட்க எதைச் சொல்வேன் என்றால், 'எ ஹிஸ்டரி ஆஃப் த வேர்ல்ட் இன் 100 ஆப்ஜெக்ட்ஸ்'. பிரிட்டிஷ் மியூசியத்தின் அன்றைய இயக்குநர் நீல் மெக்ரெகர் 2010-ல் பிபிசி ரேடியோ 4-க்காகச் செய்தது. ஒரு பகுதிக்கு ஒரு பொருள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15 நிமிடம். எகிப்திய மம்மியில் தொடங்கி, சூரிய ஒளியில் எரியும் விளக்கில் நூறாவது பொருள் முடிகிறது. மெக்ரெகர் நிதானமாக, சொல் சொல்லாகப் பேசுவார். புரியாத இடத்தைப் படித்துப் பார்க்க எழுத்து வடிவமும் பிபிசி தளத்தில் உண்டு. அப்பாவின் கேள்விக்கு இதில் பதில் தேடவே வேண்டாம். பொருளே கண் முன்னால் இருக்கிறது. அதிலிருந்து என்ன சொல்ல முடியும், எது ஊகம் என்று பிரித்துக்கொண்டே போகிறார்.

அப்பாவை மடக்கிப் போட்டது 40-ஆம் பொருள். இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஹாக்சன் என்ற கிராமம். 1992-ல் ஒரு விவசாயி வயலில் தன் சுத்தியலைத் தொலைத்துவிட்டு, உலோகம் கண்டுபிடிக்கும் கருவி வைத்திருந்த நண்பரைக் கூப்பிட்டுத் தேடச் சொன்னார். தேடப் போன இடத்தில் ரோமானியர் காலத்துப் புதையல் கிடைத்தது: ஏறக்குறைய 15,000 காசுகள், தங்க நகைகள், வெள்ளிச் சாமான்கள். கூடவே மிளகு வைப்பதற்கென்றே செய்த ஒரு வெள்ளிச் சிமிழ், ஒரு பெண்ணின் உருவத்தில். பிரிட்டனில் ரோம ஆட்சி ஆட்டம் கண்டுகொண்டிருந்த காலத்தில் யாரோ பணக்காரக் குடும்பம் புதைத்து வைத்தது. அந்தச் சிமிழில் இருந்த மிளகு எங்கிருந்து போயிருக்கும்? நம் மேற்குக் கடற்கரையிலிருந்துதான். அப்பா உடனே நிறுத்தச் சொல்லிவிட்டு, யவனரின் கப்பல் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு திரும்பியதைச் சொல்லும் அகநானூற்றுப் பாட்டை முழுக்க ஒப்பித்தார். ஒரே வியாபாரத்தின் ஒரு முனை நம் சங்கப் பாட்டில், மறு முனை இங்கிலாந்தின் வயலில். அன்று அவர் முகத்தில் பார்த்த மகிழ்ச்சியைப் பல மாதங்களாக நான் பார்த்திருக்கவில்லை.

குறையும் சொல்ல வேண்டும். இது ஒரு மியூசியம் தன் சாமான்களைக் காட்டிச் சொல்லும் கதை. அந்தச் சாமான் லண்டனுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதை எல்லாப் பகுதிகளிலும் ஒரே அழுத்தத்தோடு கேட்பதில்லை. இலங்கையிலிருந்து போன தாரா தேவியின் சிலை 54-ஆம் பொருள். பொன் முலாம் பூசிய வெண்கலம், பேரழகு. அங்கே ஆளுநராக இருந்த ராபர்ட் பிரவுன்ரிக் அதை 1830-ல் மியூசியத்துக்குக் கொடுத்தார். கண்டி ராஜ்யம் 1815-ல் பிரிட்டிஷ் கைக்குப் போனது இவர் காலத்தில்தான். இந்த இரண்டு செய்தியையும் சேர்த்து வைத்துக்கொண்டு கேட்டால் அந்தப் பதினைந்து நிமிடம் வேறு மாதிரி கேட்கும்.

இதே நீளத்தில், இதே தெளிவில் இன்னொன்று உண்டு: சுனில் கில்னானியின் 'இன்கார்னேஷன்ஸ்'. இதுவும் பிபிசி ரேடியோ 4-தான், 2015-ல் தொடங்கியது. புத்தரிலிருந்து திருபாய் அம்பானி வரை 50 இந்தியர்களின் வாழ்க்கை. ராஜராஜ சோழன், வ.உ. சிதம்பரம் பிள்ளை, ராமானுஜன், பெரியார், எம்.எஸ். சுப்புலட்சுமி ஆகியோருக்குத் தனித்தனிப் பகுதிகள் இருக்கின்றன. இந்திய வரலாறு என்றாலே டெல்லியோடு முடிந்துவிடும் பழக்கத்துக்கு நடுவில் இது பெரிய ஆறுதல். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, 1908-ல் கைதாகி, 40 வருடத் தண்டனை வாங்கியவரின் கதையை உலகம் முழுக்கக் கேட்கும் வானொலியில் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் 15 நிமிடத்தில் ஒரு வாழ்க்கை என்பது நெருக்கடிதான். அறிமுகத்துக்குப் போதும், அவ்வளவுதான். பொருள்களைப் பற்றிச் சொல்ல 15 நிமிடம் சரியான அளவாக இருக்கிறது, மனிதர்களுக்குப் போதவில்லை.

சரி, தினமும் வேலைக்குப் போய் வருபவர்களுக்கு எது பொருந்தும்? நான் மைக் டங்கனைத்தான் சொல்வேன். 'த ஹிஸ்டரி ஆஃப் ரோம்' 2007-ல் தொடங்கி 2012-ல் முடிந்தது. எண் போட்ட பகுதிகள் 179. ரோம் நகரம் உருவான புராணக் கதையிலிருந்து, மேற்கு ரோமப் பேரரசு கி.பி. 476-ல் முடிவது வரை ஒரே ஆள், ஒரே குரல். ஆரம்பப் பகுதிகள் ரொம்பச் சின்னவை, போகப்போக 25 நிமிடம் வரை நீளும். ஒலிப்பதிவு முதலில் சுமார்தான். பத்துப் பன்னிரண்டு பகுதிகள் தாண்டினால் சரியாகிவிடும். அமெரிக்க உச்சரிப்பு. எழுதி வைத்து வாசிப்பதால் வாக்கியம் முறியாமல் வரும். ரயில் சத்தத்திலும் தொலையாது.

டங்கனிடம் எனக்குப் பிடித்தது அவருடைய நேர்மை. ரோமின் முதல் அரசர்களைப் பற்றிச் சொல்லும்போது, பல நூறு வருடம் கழித்து ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதியதை வைத்துத்தான் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கதைக்குள் போகிறார். குறை என்னவென்றால், சக்கரவர்த்திகளும் படைத்தலைவர்களும்தான் மேடை முழுக்க. வயலில் உழைத்தவனும் அடிமையும் பெண்களும் ஓரத்தில்தான் வருகிறார்கள். பெயர்களும் குழப்பும். கிராக்கஸ், கிராசஸ், காசியஸ் என்று வரும்போது யார் யார் என்று நான் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

இதே டங்கன் 2013-ல் 'ரெவல்யூஷன்ஸ்' என்று அடுத்ததைத் தொடங்கினார். இங்கிலாந்து உள்நாட்டுப் போர், அமெரிக்கா, பிரான்ஸ், ஹைட்டி, பொலிவாரின் தென்னமெரிக்கா என்று போய், கடைசியில் ரஷ்யப் புரட்சி வரை பத்துத் தொடர்கள். ரஷ்யாவுக்கு மட்டும் 103 பகுதிகள்! கையில் இருப்பது ஒரு மாதம்தான் என்றால் நான்காவது தொடரான ஹைட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கரும்புத் தோட்டத்து அடிமைகள் 1791-ல் எழுந்து, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் என்று மூன்று வல்லரசுகளின் படைகளோடும் மோதி, 1804-ல் தனி நாடு அமைத்த கதை அது. நான் படித்த பாடப்புத்தகத்தில் பிரெஞ்சுப் புரட்சிக்கு ஒரு பாடமே உண்டு. அதே சுதந்திரம், சமத்துவம் என்ற சொற்களை நம்பிப் போராடிய கறுப்பு மக்களுக்கு ஒரு பத்தி கிடையாது. அதிலும் அந்த மக்களிடம், இழந்த சொத்துக்கு ஈடு என்று சொல்லி 1825-ல் பிரான்ஸ் 15 கோடி பிராங்க் கேட்டது. 'சொத்து' என்றால் அந்த மனிதர்களும் சேர்த்திதான். இதைக் கேட்ட நாளில் சானடோரியம், குரோம்பேட்டை எல்லாம் எப்போது தாண்டியது என்றே எனக்குத் தெரியவில்லை.

ஒரு எச்சரிக்கை. 2024-ல் டங்கன் அதே பெயரில், அதே வரிசையில் செவ்வாய் கிரகத்தில் நடக்கும் ஒரு புரட்சியைத் தொடராகச் செய்தார். அது முழுக்கக் கற்பனை. உண்மை வரலாற்றைப் போலவே சொல்வார் என்பதால் புதிதாக வருபவர்கள் குழம்பிப்போவார்கள். செயலியைத் திறந்ததும் கீழே இறங்கி, பழைய தொடரின் முதல் பகுதியிலிருந்து தொடங்குங்கள்.

டங்கனுக்கு நேர் எதிர்த்திசையில் இருப்பவர் டேன் கார்லின். இவருடைய 'ஹார்ட்கோர் ஹிஸ்டரி' 2006-லிருந்து வருகிறது. வருடத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய பகுதிகள்தான். ஆனால் ஒன்று மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல். முதல் உலகப் போரைப் பற்றிய 'புளூபிரின்ட் ஃபார் ஆர்மகெடான்' ஆறு பகுதி, மொத்தம் 20 மணி நேரத்துக்கு மேல் ஓடும். வானொலிக்காரர் என்பது குரலிலேயே தெரியும். தாழ்த்துவார், உயர்த்துவார். சேற்றுப் பள்ளத்துக்குள் கிடந்த சிப்பாய் எழுதிய கடிதத்தை வாசிக்கும்போது நாமும் அந்தச் சேற்றுக்குள் இருப்போம்.

நான் வரலாற்றாசிரியன் இல்லை, வரலாற்றின் ரசிகன் என்று அவரே அடிக்கடி சொல்வார். மேற்கோளை வாசிக்கும்போது யார் எழுதியது என்றும் சொல்லிவிடுவார். அந்த வகையில் நாணயமானவர். ஆனால் அவருடைய கண் உக்கிரமான இடத்துக்கே போகிறது. எது மிகக் கொடூரமோ, எது மிகப் பெரிதோ, அதன் மேல்தான் வெளிச்சம். ஒரு போர் ஏன் நாலு வருடம் நீண்டது என்பதைவிட, அதற்குள் இருப்பது எப்படி இருந்தது என்பதுதான் நம் மனதில் தங்கும். அப்பா இரண்டு பகுதி கேட்டுவிட்டு, "நல்லா சொல்றாரு, ஆனா தூக்கம் வரமாட்டேங்குதும்மா" என்று நிறுத்திவிட்டார். அதோடு விடவில்லை. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் மெட்ராஸ் மேல் குண்டு போட்டதையும், எண்ணெய்த் தொட்டிகள் எரிந்ததையும், அதற்கப்புறம் 'எம்டன்' என்பது நம் பேச்சில் கெட்டிக்கார முரடனுக்குப் பெயரான கதையையும் எனக்குச் சொன்னார். அந்தக் குண்டு விழுந்த இடத்தில் உயர் நீதிமன்ற மதில் ஓரம் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அத்தனை வருடம் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன்; மறுநாள்தான் நின்று படித்தேன்.

கார்லினை நீண்ட பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பஸ்ஸில் மதுரைக்கோ நாகர்கோவிலுக்கோ போகும்போது அருமையான துணை. பழைய பகுதிகளை அவருடைய தளத்தில் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். புதியவை சில இலவசம்.

நீளத்தில் கார்லினுக்குப் பக்கத்தில் வருபவர் பால் கூப்பர். 'ஃபால் ஆஃப் சிவிலைசேஷன்ஸ்', 2019-லிருந்து வருகிறது. ஒரு பகுதிக்கு ஒரு நாகரிகம்; அது எப்படி வளர்ந்தது, எப்படி இடிந்தது. சுமேரியா, கெமர், கார்த்தேஜ், ஆஸ்டெக் என்று போகிறது. 14-ஆவது பகுதி விஜயநகரம். 1336-ல் எழுந்த நகரம் 1565-ல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் பாழானதைக் கேட்டுவிட்டு ஹம்பிக்குப் போனால் கல்லெல்லாம் பேசும். கார்லினைவிட அமைதியான குரல். இசையும் அளவாக இருக்கும். பழைய பாட்டு, கடிதம், பயணக் குறிப்பு இவற்றை வேறு குரல்கள் வாசிக்கும். யூடியூபில் படங்களோடும் கிடைக்கிறது. இந்த இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் கூப்பரைத்தான் எடுப்பேன். அழிவைப் பற்றிப் பேசும்போதும் அந்த மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை அவர் விடுவதில்லை.

இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் வகை இப்போது உலகம் முழுக்கப் பெரிதாக ஓடுகிறது. டாம் ஹாலண்டும் டொமினிக் சாண்ட்புரூக்கும் 2020-ல் தொடங்கிய 'த ரெஸ்ட் இஸ் ஹிஸ்டரி' அதில் முதலிடத்தில் இருக்கிறது. இருவரும் நன்றாகப் படித்தவர்கள், நல்ல நண்பர்கள், பேச்சில் உற்சாகம் வழியும். ஆனால் அந்த உற்சாகத்தில் பாதி, இங்கிலாந்தில் வளர்ந்தவருக்கு மட்டும் புரியும் கிண்டல். வேகமும் அதிகம். வாரத்துக்குப் பல பகுதிகள் வருவதால் எதில் தொடங்குவது என்றே தெரியாது. அப்பாவுக்கு இது ஒத்துவரவில்லை. எனக்கும் ஒரு தலைப்பில் முன்பே கொஞ்சம் தெரிந்திருந்தால்தான் ரசிக்க முடிந்தது.

அதே வகையில் 'எம்பயர்' நமக்கு ரொம்பப் பக்கம். வில்லியம் டால்ரிம்பிளும் அனிதா ஆனந்தும் 2022-ல் தொடங்கியது. முதல் தொடரே கிழக்கிந்தியக் கம்பெனியும் இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சியும். 1600-ல் லண்டனில் சாசனம் வாங்கிய ஒரு வியாபாரக் கம்பெனி, 1765-ல் வங்காளத்தின் வரி வசூல் உரிமையை வாங்கும் அளவுக்கு எப்படி வளர்ந்தது என்று கேட்டால், பள்ளியில் தேதிகளாகப் படித்ததெல்லாம் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். ஜாலியன்வாலா பாக் பற்றி அனிதா ஆனந்த் பேசும் இடத்தை மட்டும் யாரும் தவறவிடக் கூடாது. 1919 ஏப்ரல் 13 அன்று அவருடைய தாத்தா அந்தத் திடலில் இருந்தவர். சுடுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வேலையாக வெளியே போனதால் பிழைத்தார். அந்தக் குடும்ப நினைவையும் ஆவணங்கள் சொல்வதையும் அவர் கலந்துவிடுவதில்லை. எது எது என்று நமக்குத் தெரியும்படி வைக்கிறார். எனக்குள்ள ஏக்கம், நான் கேட்ட பகுதிகளில் டெல்லியும் கல்கத்தாவும் பஞ்சாபும்தான் அதிகம். கம்பெனி தன் முதல் கோட்டையைக் கட்டிக்கொண்டு வேரூன்றியது இந்தச் சென்னைக் கடற்கரையில். நான் தினமும் இறங்கும் ஸ்டேஷனுக்குப் பெயரே அந்தக் கோட்டைதான்.

அப்பா கடைசியில் போய் உட்கார்ந்த இடம் 'இன் அவர் டைம்'. பிபிசி ரேடியோ 4-ல் 1998-ல் தொடங்கியது. மெல்வின் பிராக் 2025 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிகளை நடத்தினார். ஒரு தலைப்பு, மூன்று பேராசிரியர்கள், ஏறக்குறைய 45 நிமிடம். இசை கிடையாது, முன்னுரை கிடையாது. வணக்கம் சொன்ன அடுத்த நொடி விஷயத்துக்குள் போய்விடுவார்கள். எல்லாமே வரலாறு இல்லை. அறிவியல், தத்துவம், இலக்கியம் எல்லாம் வரும். வரலாறு மட்டுமே பல நூறு இருக்கும்.

முதல் தடவை கேட்டால் வறட்சியாகத்தான் இருக்கும். நானும் பத்து நிமிடத்தில் மூடியவள்தான். அசோகரைப் பற்றிய பகுதியைப் போட்டபோது அப்பா முழுக்கக் கேட்டார். 1837-ல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்துக் காட்டும் வரை, கல்லில் பேசும் அந்த அரசர் யார் என்றே தெரியாமல் இருந்தது என்பதில் தொடங்கி, கலிங்கப் போருக்குப் பின் அவர் மனம் மாறியதாகச் சொல்வது அவரே பொறித்த கல்வெட்டுதான் என்பது வரை அப்பா அதற்கப்புறம் எனக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார். தன்னைப் பற்றி ஒரு அரசன் தானே எழுதியதை எவ்வளவு நம்புவது? மூன்று பேராசிரியர்கள் இருந்தால் இந்தக் கேள்வி தானாகவே வந்துவிடும். ஒருவர் சொல்வார், மற்றவர் மெதுவாக மறுப்பார், பிராக் குறுக்கே புகுந்து "அது எப்படித் தெரியும்" என்பார். அப்பா சிரித்துவிட்டார். வேகத்தை 0.8-க்குக் குறைத்து வைத்தால் பேராசிரியர்களின் பேச்சும் பிடிபடும்.

இனி தமிழ். நீளமாகப் பேச நினைத்ததும் இங்கேதான். தமிழில் வரலாறு கேட்க ஆசைப்பட்டால் முதலில் கண்ணில் படுவது சரித்திர நாவல்களை வாசிக்கும் ஒலிநூல்கள். அடுத்து, சோழர்களைப் பற்றி யூடியூபில் குவிந்து கிடக்கும் கதைகள். நாவல் வாசிப்பு நல்ல விஷயம். படிக்க முடியாத எத்தனையோ பெரியவர்களுக்கு அது வரம். நாவலாகக் கேளுங்கள், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. எனக்குக் கவலை தருவது, நாவலில் வந்ததையே நடந்ததாக வைத்து 'மர்மம் உடைந்தது' என்று பேசும் ஒலிகள்.

எதை நம்பலாம் என்று பார்க்க ஒரு சோதனை வைத்திருக்கிறேன். ராஜராஜ சோழனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றி அந்தச் சேனல் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். நமக்குக் கிடைத்திருக்கும் முக்கியமான சான்று காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் உடையார்குடி கோயில் கல்வெட்டு. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கொன்றவர்களைத் துரோகிகள் என்று சொல்லி, சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயரும் தருகிறது. அவர்களுடைய நிலமும் உறவினர்களுடைய நிலமும் என்ன ஆயிற்று என்பதுதான் அதன் விஷயம். ஏன் கொன்றார்கள், பின்னால் யார் இருந்தார்கள் என்று அதில் இல்லை. நீலகண்ட சாஸ்திரி, பின்னால் அரியணை ஏறிய உத்தம சோழனைச் சந்தேகித்தார். இன்னொரு வரலாற்றாசிரியர் சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. இவ்வளவுதான் நம் கையில் இருப்பது. கல்வெட்டில் என்ன இருக்கிறது, அறிஞர்கள் எங்கே பிரிகிறார்கள் என்று சொல்கிறவர் கிடைத்தால் விடாதீர்கள். உடையார்குடி என்ற பெயரே வராமல் கொலையாளியை அடித்துச் சொல்கிறவரின் மற்ற கதைகளையும் அதே அளவுக்குத்தான் நம்ப முடியும்.

இந்தச் சோதனையில் தேறுவது பெரும்பாலும் பாட்காஸ்ட் என்ற பெயரில் இருக்காது. தமிழ் பாரம்பரிய அறக்கட்டளை, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்றவை நடத்தும் சொற்பொழிவுகள் யூடியூபில் இருக்கின்றன. கல்வெட்டு படிக்கிறவர்கள், அகழாய்வில் நின்றவர்கள், பழைய ஆவணங்களைப் புரட்டியவர்கள் நேரடியாகப் பேசுகிறார்கள். கஷ்டமும் உண்டு. ஒலி ஒரு மாதிரி இருக்கும், ஒன்றரை மணி நேரம் போகும், "இந்தப் படத்தில் பாருங்கள்" என்பார்கள். பார்க்க முடியாத அப்பாவுக்கு அந்த இடம் வரும்போதெல்லாம் நான் பக்கத்தில் உட்கார்ந்து படத்தைச் சொல்வேன். ஒலிக்கென்றே எழுதி, கல்வெட்டு வரிகளை நல்ல குரலில் வாசித்து, இருபது நிமிடத்தில் ஒரு கோயிலின் கதையைத் தமிழில் சொல்ல யாராவது வர வேண்டும். ஒவ்வொரு கோயில் சுவரும் ஒரு தொடருக்குப் போதும்.

சரி, ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால்? ஆங்கிலப் பேச்சு பழகாதவர்கள் மெக்ரெகரின் 40-ஆம் பொருளில் தொடங்கலாம். தினமும் ஒரே நேரத்தில் கேட்க முடிந்தால் டங்கனின் ரோம். ரோம் பிடிக்காவிட்டால் ஹைட்டி. காலனி ஆட்சிதான் உங்கள் ஆர்வம் என்றால் வேறெதையும் பார்க்காமல் எம்பயருக்குப் போய்விடலாம். கார்லினையும் ரெஸ்ட் இஸ் ஹிஸ்டரியையும் நான் முதலில் கேட்கச் சொல்ல மாட்டேன். இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் கேட்டுப் பழகிய காதுக்கு உரியவை. பெரியவர்களுக்குப் போட்டுக் கொடுப்பதானால் முன்கூட்டியே இறக்கி வைத்துவிடுங்கள். நடுவில் விளம்பரமோ நெட் தடங்கலோ வந்தால், கண் தெரியாதவர் போனை வைத்துக்கொண்டு தவிப்பது பார்க்கச் சகிக்காது.

அப்பா இப்போது டங்கனின் ரோமில், ரோமை எதிர்த்த கார்த்தேஜ் படைத்தலைவர் ஹானிபாலோடு இருக்கிறார். நேற்று நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "கன்னே போர் முடிஞ்சிடுச்சும்மா" என்றார். கி.மு. 216. கை கால் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஹானிபாலோட கூடவே போன ஆளுங்க எழுதினதெல்லாம் தொலைஞ்சு போச்சு. நமக்குக் கிடைச்சது பூரா ரோம் பக்கம் நின்னு சொன்னதுதானே? அந்த இங்கிலீஷ்காரர் மூணு புரொபசரை வெச்சு இதைக் கேட்டிருப்பாரே, பாரு" என்றார். தேடினேன். இன் அவர் டைமில் ஹானிபாலுக்கே தனியாக ஒரு பகுதி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு அதை இறக்கி வைத்திருக்கிறேன், 0.8 வேகத்தில்.